ஒரு கியர் கூட்டும் வேலை: பழைய டிராக்டர் என்ஜினும் இழுவைப் போட்டியும்

அயோவா, இல்லினாய்ஸ், ஒஹாயோ, மிசூரி போன்ற அமெரிக்க மாநிலங்களில் கோடை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் விவசாயக் கண்காட்சி நடக்கும். மைதானத்தின் ஒரு பக்கம் மண்ணை நனைத்து, உருளை ஓட்டி, 300 அடி நீளத்துக்குத் தடம் போடுவார்கள். எழுபது எண்பது வயதான டிராக்டர்கள் ஒவ்வொன்றாக வந்து, இரும்பு ஸ்லெட் ஒன்றில் கொக்கியை மாட்டி, முடிந்த தூரம் இழுக்கும். பழைய டிராக்டர் பிரிவில் பரிசு பெரும்பாலும் ஒரு கோப்பைதான். அந்தக் கோப்பைக்காகத்தான் உரிமையாளர் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் என்ஜினைப் பிரித்து வைத்துக்கொண்டு லைனரையும் பிஸ்டனையும் அளந்துகொண்டிருக்கிறார்.

அப்படி அளப்பவர் முன் இருக்கும் கேள்வியை முழுமையாகப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். உழவுக்காகச் செய்யப்பட்ட ஒரு பழைய என்ஜினில் எதை மாற்றினால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? எல்லா டிராக்டர்களையும் பேசினால் எதையும் பேசியதாகாது. அதனால் இந்தக் களத்தில் அதிகம் தென்படும் ஃபார்மால் எம் டிராக்டரை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேவையான இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

ஃபார்மால் எம், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1939 முதல் 1952 வரை இல்லினாய்ஸின் ராக் ஐலண்டில் தயாரித்த வண்டி. சுமார் 2.7 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. (நம் ஊர் மஹிந்திரா டிராக்டரின் பூர்வீகமும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்துதான் மஹிந்திரா டிராக்டர் தொழிலில் இறங்கியது. பி-275 அப்படி வந்தது.) எம் வண்டியின் நான்கு சிலிண்டர் என்ஜினுக்குப் போர் (சிலிண்டரின் விட்டம்) 3⅞ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 5¼ அங்குலம். மொத்தக் கொள்ளளவு 248 கன அங்குலம், அதாவது நாலு லிட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 1450 சுற்றில் அது கொடுத்த திறன் 35-க்கும் 40-க்கும் இடைப்பட்ட குதிரைத்திறன். இன்று நாலு லிட்டர் பெட்ரோல் என்ஜின் எதுவும் இவ்வளவு குறைவாகக் கொடுக்காது. ஏன் குறைவு என்பதைப் பார்க்குமுன் போட்டி எதை அளக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

உழவர்கள் தம் குதிரைகளை இழுக்கவிட்டுப் பலம் பார்த்த வழக்கத்திலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. டிராக்டர்களை வைத்து முறையாக நடந்த முதல் போட்டிகள் 1929-இல் மிசூரியின் போலிங் கிரீன், ஒஹாயோவின் வாகன்ஸ்வில் ஆகிய இடங்களில் நடந்தன. தேசிய அளவில் விதிகளை ஒன்றாக்கும் சங்கம் 1969-இல்தான் உருவானது. ஆரம்பத்தில் இழுத்தது வெறும் பாரம். பிறகு தடத்தின் ஓரம் ஆட்கள் வரிசையாக நிற்க, ஸ்லெட் கடந்து போகும்போது ஒவ்வொருவராக அதன் மேல் ஏறிக்கொள்ளும் முறை வந்தது. இப்போதைய ஸ்லெட் வேறு வகை. அதன் பின்பக்கம் சக்கரங்கள், முன்பக்கம் தரையோடு உராயும் இரும்புத் தட்டு. புறப்படும்போது பாரப்பெட்டி சக்கரங்களுக்கு மேலே இருக்கும். வண்டி நகர நகர, அந்தச் சக்கரங்களே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னோக்கி நகர்த்தித் தட்டின் மேல் கொண்டுவந்து அழுத்தும். முதல் ஐம்பது அடியில் எளிதாக வந்த ஸ்லெட் கடைசி ஐம்பது அடியில் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். 300 அடியையும் கடந்தால் அது முழு இழுப்பு.

பழைய டிராக்டர் பிரிவுகளின் விதி சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஆனாலும் சாரம் ஒன்றே. வண்டி இத்தனை ஆண்டுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். எடை இன்ன வகுப்புக்குள் அடங்க வேண்டும். கொக்கி மாட்டும் இடம் தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டக் கூடாது (20 அங்குலம் பரவலான அளவு). பல பிரிவுகளில் வேகத்துக்கோ என்ஜின் சுற்றுக்கோ உச்சவரம்பு உண்டு. இந்தக் கடைசி விதியை மறந்துவிட்டு என்ஜினில் கை வைப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இழுவிசையைப் பவுண்டிலும் வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்துப் பெருக்கி 375-ஆல் வகுத்தால், கொக்கியில் தேவைப்படும் குதிரைத்திறன் கிடைக்கும். தடத்தின் ஒரு கட்டத்தில் ஸ்லெட் 4000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1800 கிலோ இழுவிசை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எம் வண்டியின் முதல் கியரில் வேகம் மணிக்கு 2⅝ மைல். அதற்குத் தேவை 28 குதிரைத்திறன். இரண்டாம் கியரில் 3½ மைல், தேவை 37. மூன்றாம் கியரில் 4¼ மைல், தேவை 45. இனி வண்டியின் பக்கம் வருவோம். என்ஜின் 38 குதிரைத்திறன் தருகிறது, கியரிலும் டயர் வழுக்கலிலும் 15 சதவீதம் போகிறது என்றால், கொக்கிக்கு வந்து சேர்வது 32. ஆக, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே எம் முதல் கியரில் அந்த ஸ்லெட்டை இழுக்கும். இரண்டாம் கியரில் திணறி அணைந்துபோகும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, முதல் கியரில் மட்டும் இழுக்க நினைப்பவருக்கு என்ஜின் வேலை அநேகமாகத் தேவையில்லை. அங்கே என்ஜின் அணைவதற்கு முன் டயர் வழுக்கும். அவர் கவனிக்க வேண்டியது எடையை எங்கே தொங்கவிடுவது, டயரில் காற்று எவ்வளவு, கொக்கி எந்த உயரம் என்பவற்றை. 4000 பவுண்டு இழுவிசை 20 அங்குல உயரத்தில் பிடித்திழுக்கும்போது, முன் பின் அச்சுகளுக்கு இடையே 90 அங்குலம் உள்ள வண்டியில் முன்சக்கரங்களிலிருந்து கிட்டத்தட்ட 890 பவுண்டு பின்சக்கரங்களுக்கு மாறிவிடும். அந்த அளவுக்கு மேல் முன்னால் பாரம் கட்டினால் அது வெறுமனே சவாரி செய்யும். குறைவாகக் கட்டினால் மூக்கு மேலே எழும்பும். பல போட்டிகள் இந்தக் கணக்கிலேயே முடிவாகிவிடுகின்றன. இரண்டாவது முடிவு, என்ஜின் வேலை என்பது உண்மையில் எந்தக் கியரில் இழுக்க முடியும் என்ற கேள்வி. வேகம் கொஞ்சம் கூடினால் ஸ்லெட்டும் வண்டியும் சேர்ந்து உருவாக்கும் உந்தம் கூடும். அந்த உந்தம் கடைசிச் சில அடிகளைக் கடத்திவிடும். விதி அனுமதிக்கும் வேகத்துக்குள் ஒரு கியர் மேலே போவதற்கு வேண்டிய முறுக்குவிசையைச் சேர்ப்பதுதான் இலக்கு. சுற்றைக் கூட்டுவது இலக்கே கிடையாது.

அந்த என்ஜின் ஏன் அவ்வளவு மந்தமாகப் படைக்கப்பட்டது? காரணம் எரிபொருள். முப்பதுகளில் அமெரிக்க உழவர் பலர் பெட்ரோலை விட்டு மண்ணெண்ணெயும், அதை ஒட்டிய டிஸ்டிலேட் என்ற மலிவு எண்ணெயும் வாங்கினார்கள். அவை அழுத்தம் கூடினால் உடனே நாக் அடிக்கும், அதாவது கலவை நேரம் தப்பித் தானாகவே வெடிக்கும். அதனால் அழுத்த விகிதத்தைத் தாழ்த்தி வைத்தார்கள். அவை எளிதில் ஆவியாகாதவை என்பதால் உள்ளிழுக்கும் குழாயைப் புகைபோக்கிக் குழாயோடு ஒட்டிச் சூடேற்றினார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு டிஸ்டிலேட்டுக்கு மாற்றும் வகையில் சிறிய தொட்டி ஒன்று தனியாக இருந்தது. பெட்ரோலுக்கென்றே செய்த எம் வண்டியிலும் அழுத்த விகிதம் 6-ஐத் தொடவில்லை. அன்றைய பெட்ரோலின் தரம் அவ்வளவுதான்.

இன்றைய பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே அந்தக் காலத்துப் பெட்ரோலைவிட நாக் தாங்கும் தன்மையில் எவ்வளவோ மேல். ஆகவே முதல் மாற்றம், தேவையற்றுப்போன ஒரு கட்டுப்பாட்டை நீக்குவதுதான். டிஸ்டிலேட் மேனிஃபோல்டு வண்டியில் இருந்தால் அதைக் கழற்றிப் பெட்ரோல் மேனிஃபோல்டு போட வேண்டும். சூடான காற்று மெல்லியது. சிலிண்டருக்குள் குறைவாகவே நிரம்பும். குளிர்ந்த காற்றை உள்ளே விட்டாலே என்ஜின் நிமிர்ந்து உட்காரும். இந்தச் சாதாரண வேலையைச் செய்யாமல் விலை கூடிய கேம்ஷாஃப்ட் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அடுத்தது போர். எம் என்ஜினின் பெரிய வரம் அதன் மாற்றக்கூடிய லைனர். சிலிண்டர் என்பது பிளாக்கோடு வார்த்த துளையாக இல்லாமல், பிளாக்குக்குள் செருகிய தனிக் குழாயாக இருப்பதால், லைனரையும் பிஸ்டனையும் மாற்றினால் என்ஜின் பெரிதாகிவிடும். தொழிற்சாலையே இந்த வழியில்தான் போனது. 1952-இல் வந்த சூப்பர் எம் 4 அங்குலப் போருடன் 264 கன அங்குலம். 1956-இல் வந்த 450 மாடல் 4⅛ அங்குலப் போருடன் 281. மூன்றுக்கும் ஸ்ட்ரோக் அதே 5¼. இதனால் பின்னால் வந்த வண்டிகளின் உறுப்புகள் பலவும் முன்னதில் சிறிய கடைசல் வேலையோடு பொருந்துகின்றன. 4¼ அங்குலம் வரை போகிறவர்களும் உண்டு; அப்போது 298 கன அங்குலம். ஆனால் அங்கே லைனர் சுவர் மெலிந்துபோகும். ஹெட் கேஸ்கட் இரு சிலிண்டர்களுக்கு இடையே அமர்வதற்கு இடம் குறையும். கோடையில் நாலைந்து முறை இழுக்கும் வண்டிக்கு அந்த அபாயம் தேவையா என்று யோசிக்க வேண்டும். என் முடிவு 281-இல் நிறுத்திக்கொள்வது.

போரைக் கூட்டும்போது கேட்காமலே இன்னொரு பலன் கிடைக்கும். ஹெட்டில் உள்ள எரியறை அதே அளவில் இருக்க, பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு கூடுகிறது. விகிதம் 5.7 இருந்த என்ஜினைத் தட்டைப் பிஸ்டனோடு 281 ஆக்கினால் விகிதம் தானாகவே 6.3 பக்கம் போய்விடும். பிஸ்டன் தலையை உயர்த்திச் செய்தாலோ ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சற்றுச் சீவினாலோ 7.5, 8 வரை கொண்டுபோகலாம். பெரிய போரும் மெதுவான சுற்றும் சேர்ந்த என்ஜினில் தீப்பொறிக்குப் பிறகு எரிவதற்கு நேரம் நிறைய. நாக் அடிக்கும் வாய்ப்பும் அதனால் கூடுதல். சாதாரணப் பெட்ரோலில் 8-ஐத் தாண்டுவது வம்பு.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்பலாம். கொள்ளளவு 248-லிருந்து 281 ஆனால் 13 சதவீதக் கூடுதல். விகிதம் 5.7-லிருந்து 8 ஆனால் வெப்பவியல் கோட்பாட்டின்படி செயல்திறனில் இன்னொரு 12, 13 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 28 சதவீதம். 38 குதிரைத்திறன் 48 ஆகிறது, அதுவும் அதே 1450 சுற்றில். 15 சதவீத இழப்புக்குப் பின் கொக்கிக்கு வருவது 41. இரண்டாம் கியர் கேட்ட 37-ஐத் தாண்டியாயிற்று; மூன்றாம் கியர் கேட்கும் 45 இன்னும் எட்டவில்லை. இவ்வளவு செலவும் உழைப்பும் சரியாக ஒரு கியரை வாங்கித் தருகின்றன. நடைமுறையில் நூலளவு கூடும், குறையும். ஆனால் எதற்காக உழைக்கிறோம் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகிவிடுகிறது.

இது ஏதோ நேற்று வந்த பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்த வழி என்று நினைக்க வேண்டாம். இல்லினாய்ஸின் கிப்சன் சிட்டியில் இருந்த எம் அண்ட் டபிள்யூ கியர் நிறுவனம் இந்த டிராக்டர்கள் வயலில் ஓடிய காலத்திலேயே பெரிய பிஸ்டன், லைனர் தொகுப்புகளை உழவர்களுக்கு விற்றது. புது டிராக்டர் வாங்க முடியாதவர், பழையதை ஓவர்ஹால் செய்யும்போதே பெரிதாக்கிக்கொண்டார். அவருக்கு வேண்டியதும் ஒரு கியர் கூடுதலாகக் கலப்பையை இழுப்பதுதான். பழைய டிராக்டரில் கை வைப்பது அதன் மரபைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரோக்கைக் கூட்டுவது இன்னொரு வழி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபார்மாலில் இல்லை. மில்வாக்கியின் ஆலிஸ்-சால்மர்ஸில் இருக்கிறது. 1948-இல் வந்த டபிள்யூடி மாடலுக்குப் போரும் ஸ்ட்ரோக்கும் தலா 4 அங்குலம், கொள்ளளவு 201. 1953-இல் வந்த டபிள்யூடி-45 மாடலில் போரைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை 4½ ஆக்கி 226-க்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கிராங்கைப் பழைய பிளாக்கில் ஏற்றுவது ஆலிஸ் பிரியர்களின் வாடிக்கை. ஃபார்மால்காரருக்கு அப்படித் தயார் கிராங்க் கிடையாது. அவர் கிராங்கின் ஊசியை மையம் தள்ளிக் கடைய வேண்டும். அல்லது பற்றவைத்துக் கடைய வேண்டும். நல்ல லேத் பட்டறையும் பொறுமையும் இருந்தால் மட்டுமே இறங்கலாம்.

வால்வும் கேம்ஷாஃப்ட்டும் பற்றி அதிகம் பேசப்படுகிறது. கிடைப்பது பேச்சளவுக்கு இல்லை. 1450 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு மூச்சு விட நேரம் தாராளமாக இருக்கிறது. வால்வு இருக்கைகளைத் தேய்த்துச் சரியாக அமரச் செய்வதும், துவாரங்களில் உள்ள வார்ப்புப் பிசிறுகளை நீக்குவதும் போதும். நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் பந்தயக் கேம், மேல் சுற்றில் திறனைக் கூட்டி, கீழ்ச் சுற்றில் முறுக்கைத் தின்றுவிடும். ஸ்லெட் அழுத்தி என்ஜின் 1200-க்கு இறங்கும் நேரத்தில்தான் முறுக்கு வேண்டும். வேக வரம்புள்ள பிரிவுக்கு அந்தக் கேம் பொருந்தாது.

கார்புரேட்டரில் கவனிக்க வேண்டியது அளவைவிட வரத்து. தொட்டியிலிருந்து எண்ணெய் தானாக இறங்கி வரும் அமைப்பு இது. கொள்ளளவு கூடிய என்ஜினுக்கு அடைத்துப்போன பழைய வடிகட்டியின் வழியே போதுமான பெட்ரோல் வராது. தடத்தின் நடுவில் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறும். தீப்பொறிக்கு மேக்னெட்டோவை வைத்துக்கொள்ளலாம், டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் மாறலாம். எதுவானாலும் அழுத்த விகிதம் கூடிய பிறகு பழைய நேரத்திலேயே பொறி விடக் கூடாது. கலவை விரைவாக எரிகிறது. பொறியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பாரத்தில் ஓட்டிக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். கவர்னரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாரம் ஏறும் கணத்தில் த்ராட்டிலை முழுதாகத் திறப்பது அதன் வேலை. இணைப்புத் தண்டுகளில் ஆட்டம் இருந்தால், பெரிய என்ஜினைக் கட்டி முடித்தும் த்ராட்டில் முக்கால் பங்கே திறந்திருக்கும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில புஷ்களின் விலைதான்.

ஜான் டியரின் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ மாடலில் படுத்த நிலையில் இரண்டே சிலிண்டர்கள். பின்னாளைய ஏ வண்டிகளில் 5½ அங்குலப் போர், 6¾ அங்குல ஸ்ட்ரோக், 321 கன அங்குலம், வெறும் 975 சுற்று. பக்கவாட்டில் வெளியே தெரியும் கனத்த ஃப்ளைவீல் கடைசி அடிகளில் என்ஜினை அணைய விடாமல் தள்ளிக்கொண்டு போகும். மேலே ஃபார்மாலுக்குச் சொன்ன நியாயங்கள் இதற்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். சுற்றைக் கூட்டும் ஆசைக்கு இதில் இடமே இல்லை.

அந்த ஆசையைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். சுற்று வரம்பில்லாத பிரிவுகளும் உண்டு; அவற்றில் பழைய என்ஜின்களை இரண்டு மடங்குச் சுற்றுக்கும் மேலே விரட்டுகிறார்கள். பெரிய பிஸ்டனும் உயர் அழுத்தமும் கனெக்டிங் ராடின் மேல் சுமத்தும் கூடுதல் சுமை கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. சுற்றை 1450-லிருந்து 2900 ஆக்கினால், பிஸ்டனை ஒவ்வொரு முறையும் மேலே நிறுத்தித் திருப்பி இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. ராடு போல்ட்டுகள் அறுவது இதனால்தான். ஃப்ளைவீலின் விளிம்பை வெளியே பிய்க்கப் பார்க்கும் இழுவிசையும் அதே நான்கு மடங்கு. அது வார்ப்பிரும்பு. வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, சிதறும். ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் கிளட்ச் கூட்டுக்குள் அது சுழன்றுகொண்டிருக்கிறது. வேகப் பிரிவுகளில் உருக்கு ஃப்ளைவீல், கிளட்சைச் சுற்றிய உருக்குக் கவசம், மூக்கு எழும்பினால் தாங்கும் பின் கம்பிகள், ஸ்லெட்டோடு கட்டிய கயிறு இழுபட்டவுடன் என்ஜினை அணைக்கும் சுவிட்ச் ஆகியவற்றை விதிகள் கட்டாயமாக்குவது இதனால். இவற்றைச் செலவு என்று பார்ப்பவர் அந்தப் பிரிவில் இறங்கவே கூடாது. வரம்புள்ள பிரிவில் இழுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: கட்டுமுன் கிராங்கையும் ராடுகளையும் காந்தத் துகள் சோதனைக்கு உட்படுத்தி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எண்பது ஆண்டு உழைத்த இரும்பு அது.

இனி எந்த வண்டியில் இந்த வேலையைச் செய்யலாம் என்பது. பழைய டிராக்டர்களை உள்ளபடியே காக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. லைனரும் பிஸ்டனும் தேயும் பொருள்கள். எந்த உழவரும் அவற்றை மாற்றியிருப்பார்; மாற்றியதை மீண்டும் பழையதற்கே மாற்றவும் முடியும். கழற்றிய மேனிஃபோல்டையும் மேக்னெட்டோவையும் துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தால் எதுவும் இழக்கப்படவில்லை. ஆனால் பிளாக்கை அகலக் கடைவதும், சட்டத்தை வெட்டுவதும், ஹெட்டைத் திரும்ப முடியாத அளவுக்குச் சீவுவதும் வேறு. லட்சக்கணக்கில் வந்த எம் வண்டியில், ஏற்கெனவே வெடித்துத் தைத்த ஒரு பிளாக்கில், அதையும் செய்யலாம் என்பேன். சில நூறு மட்டுமே வந்த மாடலில், தொழிற்சாலை வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கும் வண்டியில், யாரும் திறக்காத என்ஜினில் செய்யக் கூடாது. அப்படி ஒன்று கையில் இருப்பவர் கண்காட்சிக்கு அதை ஓட்டிப் போய்க் காட்டட்டும். இழுப்பதற்கு வேலியோரம் துருப்பிடித்துக் கிடக்கும் இன்னொரு எம் எப்படியும் கிடைக்கும்.